அறுபத்திரண்டு கிலோவுக்கு ஒரு சைக்கிள்

எனக்குக் கோபம் வரும், உண்மைதான். ஆனால் காரணமில்லாமல் வராது. மூன்று மாதப் பிள்ளைக்கு மாட்டுப்பால் பருக்குகிறவளைக் கண்டால் வரும். நிறை பார்க்கும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகிறவளைக் கண்டால் வரும். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தன் நிறையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் கட்டாயம் வரும். "எனக்குப் பொய் சொல்லாதை, தராசு சொல்லும்" என்று இருபத்தாறு வருடமாகச் சண்டிலிப்பாய் முழுக்கச் சொல்லித் திரிகிறேன்.

என் பெயர் தயாளினி. பதவி குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொல்வதில்லை, மிஸ்ஸி என்றால்தான் தெரியும். கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. போவது சைக்கிளில். ஒருமுறை ஸ்கூட்டி ஓடப் பழகினேன். மூன்றாம் நாள் சீவரத்தினம் அண்ணையின் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டியை நான் தொடவில்லை. அவரும் வேலியை மதிலாக்கிவிட்டார்.

இந்த வருடம் தண்ணீர்க் குழாய் தாட்பதற்கென்று தெரு ஒழுங்கையெல்லாம் கிண்டினார்கள். குழாயைத் தாட்டார்கள். தோண்டிய கிடங்கை மூடினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் பழைய சைக்கிள் ஒவ்வொரு கிடங்கிலும் விழுந்தெழும்ப, அந்த அடி நேரே முதுகின் அடியில், என் நாரியில் வந்து இறங்கியது. இரண்டு மாதத்தில் குனிந்து பிள்ளை தூக்க முடியாமல் போயிற்று.

எங்கள் வைத்திய அதிகாரி டொக்டர் தர்ஷிகாவுக்கு என்னைவிடப் பதினாறு வயது குறைவு, ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது.

"மிஸ்ஸி, இனிச் சைக்கிள் வேண்டாம். பணிமனையிலை ஒரு கதிரை இருக்கு. பதிவுகளை எழுதிக்கொண்டு இருங்கோ. உங்கடை பகுதிக்கு வேறை ஆளைப் போடுறன்."

என் பகுதியில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமி மருமகளின் முட்டையைத் தான் சாப்பிடுவாள், எல்லாம் எனக்குத் தெரியும். இதையெல்லாம் விட்டுப்போட்டு, காற்றாடிக்குக் கீழே இருந்து கோடு கீறவோ? செத்தாலும் மாட்டேன்.

"குலுக்கம் தாங்குற சைக்கிள் ஒண்டு எடுக்கிறன் டொக்டர். ஒரு மாசம் தாங்கோ."

"சரி, வாற மாசம் நிறை பாக்கிற நாளுக்கு நானும் வாறன். அண்டைக்கும் நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டியளெண்டால் அடுத்த நாள் கதிரைதான்."

வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியம் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிற மனிதர். வாய் குறைவு, கை கூட. எதையும் கழற்றிப் பூட்டுவார்.

"நான் மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன்," என்றார்.

"நீங்கள் படலை வாசலிலை நிண்டால் எந்தப் பெட்டை எனக்கு வாய் திறந்து கதைப்பாள்?"

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மோட்டார்சைக்கிளில் போவதென்றால் ஒரு நாளும் நேரத்துக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் சேலை உடுத்து வாசலில் வந்து நிற்பேன். இவர் அதன் பின்சில்லடியில் குந்தியிருந்து, ஒரு ஸ்பானர் சாவியை வைத்து எதையோ திருகிக்கொண்டிருப்பார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இதே கூத்து. "பூசை முடிஞ்சு ஐயரும் வீட்டை போயிடுவார், நீங்கள் திருகுங்கோ!" என்று கத்துவேன். "இந்தா முடிஞ்சுது" என்பார். என்ன முடிந்தது என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சைக்கிள் எடுக்க உடுவிலுக்குப் போனோம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நதானியேலின் கடை. இப்போது அதை நடத்துவது அவர் மகள் லவீனா. லவீனாவைப் பிறந்த மூன்றாம் நாள் நிறுத்தவள் நான். தாய் தலைப்பிள்ளைப் பேறுக்குச் சண்டிலிப்பாயில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை இரண்டு கிலோ எழுநூறு. அது அழுத அழுகையில் தராசுமுள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது காற்சட்டை போட்டு, கையெல்லாம் எண்ணெயோடு, மலைநாட்டில் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கெல்லாம் போய்வருகிறது.

"மவுண்டன் பைக்தான் அன்ரி உங்களுக்குச் சரி."

இவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்திலை மலை எங்கை பிள்ளை? கீரிமலைக்குப் போனாலும் கடல்தானே கிடக்கு."

"கிடங்கு இருக்குத்தானே அங்கிள். மலையைக் கவிட்டு வைச்சால் கிடங்கு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. முதல் சைக்கிளில் முன்னுக்கும் நடுவிலும் தடித்த சுருள் கம்பி இருந்தது. இவர் சீற்றை அமத்திப் பார்த்தார். அது துள்ளியது. இன்னொருமுறை அமத்தினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"அது பாக்கத்தான் வடிவு அங்கிள். அன்ரி மிதிக்கிற பலத்திலை அரைவாசியை அந்தச் சுருள் திண்டிடும். இஞ்சை வாங்கோ."

அவள் காட்டியது பச்சை நிறச் சைக்கிள். குறுக்குக் கம்பி நன்றாகச் சரிந்து, ஏற இறங்கச் சுகமாக இருந்தது. முன்சில்லைப் பிடிக்கிற கால்கள் இரண்டும் இரண்டு துண்டுகளாக இருந்தன. மேல்துண்டு கீழ்த்துண்டுக்குள் போய் வரும். உள்ளே சுருள் இல்லை, காற்று. கிடங்கில் விழும்போது கால் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும், ஓடுகிற ஆளின் பாரத்துக்கு ஏற்றபடி காற்று அடிக்கவேண்டும் என்று விளக்கினாள்.

இவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். "கரியர் எங்கை? ஸ்ராண்ட் எங்கை? மக்காட் எங்கை? உரிச்ச கோழி மாதிரியெல்லே நிக்குது."

"கூடை?" என்று நான் கேட்டேன். "கூடை இல்லாமல் நான் தராசை எங்கை வைக்கிறது?"

"இதுக்கு அதெல்லாம் வராது அன்ரி. பேந்து பாப்பம். முதல்ல சொல்லுங்கோ, உங்கடை நிறை என்ன?"

கடைக்கு எதிரே பஸ் நிற்கிற இடம். அங்கே றொசாந்தி நிற்கிறாள். என் பகுதிப் பெண், ஐந்து மாதம். நிறையைக் கூட்டிச் சொன்னதற்காகப் போன கிழமைதான் அவளை ஏசினேன். அவள் என்னைக் கண்டு கையை வேறு காட்டினாள்.

"அறுபத்திரண்டு," என்றேன்.

பொய் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. பழைய உண்மை, அவ்வளவுதான். இவர் தலையை நிமிர்த்தி, கடைக் கூரையில் சுற்றிய காற்றாடியைக் கவனமாகப் பார்த்தார்.

லவீனா ஒரு சின்னப் பம்பைப் பூட்டி, அறுபத்திரண்டுக்குக் காற்று அடித்தாள். "ஏறி இருங்கோ அன்ரி, எவ்வளவு பதியுதெண்டு பாப்பம்."

"சேலையோடையோ? விசரே உனக்கு? வீட்டிலை பாக்கிறன்."

"அப்ப வடிவாக் கேளுங்கோ. இந்தக் காலிலை ஒரு றப்பர் வளையம் இருக்கு. அதை அடிவரைக்கும் தள்ளிவிட்டிட்டு, ஏறி இருந்து, மெதுவா இறங்கவேணும். கால் பதிஞ்ச அளவுக்கு வளையம் மேலை ஏறியிருக்கும். ஒண்டரை விரல் ஏறினால் சரி. கூட ஏறினால் காத்துக் காணாது. ஏறவே இல்லையெண்டால் காத்துக் கூடிப்போச்சு. நான் நாளைக்கு நுவரெலியா போறன், வர மூண்டு கிழமையாகும். ஏதுமெண்டால் ஃபோன் எடுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் இவர் வேலையைத் தொடங்கினார். அந்தப் பின்னேரமே கரியர் ஏறியது, ஸ்ராண்ட் ஏறியது, மக்காட்டும் பெல்லும் ஏறின. கடைசியாகக் கூடை. ஹான்டிலில் இறுக்கிக் கட்டி, அடியிலிருந்து இரண்டு தடித்த இரும்புக் கம்பிகளை இறக்கி, முன்சில்லின் அச்சில் பூட்டினார். இந்தக் குடாநாட்டில் கூடை வைத்த சைக்கிளுக்கெல்லாம் அப்படித்தான் பூட்டியிருக்கும். இந்தக் கம்பி மட்டும் வழமையைவிட மும்மடங்கு தடிப்பு. அலுப்புப் பார்க்காமல் சுன்னாகம் போய்ப் பார்த்து வாங்கிவந்தார். சைக்கிள் இப்போதுதான் சைக்கிள் மாதிரி இருந்தது. எனக்கும் மெத்தச் சந்தோசம்.

அடுத்த நாள் வெளிக்கிட்டேன். முதல் கிடங்கில் விழுந்ததும் பல்லோடு பல் அடித்தது. ஐயோ கடவுளே, பழைய சைக்கிளே பரவாயில்லை. வீட்டுக்கு வந்து வளையத்தைத் தள்ளிவிட்டு, ஏறி இருந்து, இறங்கிப் பார்த்தேன். வளையம் விட்ட இடத்திலேயே கிடந்தது. லவீனாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"கொஞ்சமும் ஏறேல்லையோ அன்ரி? அப்ப உங்கடை பாரம் காணாது."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "என்ன சொன்னனீ?"

"அடிச்ச காத்துக்கு உங்கடை பாரம் காணாது. கொஞ்சம் திறந்து விடுங்கோ."

பாரம் குறைவென்று என் வாழ்நாளில் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஃபோனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன். "கேட்டியளே? எனக்குப் பாரம் காணாதாம்." இவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

காற்றைத் திறந்தோம். புஸ் என்றது. வளையம் அசையவில்லை. மூன்று நாள் கழித்து லவீனா படம் கேட்டாள். வளையத்தை மட்டும் கிட்டப் பிடித்து எடுத்து அனுப்பினோம்.

"அன்ரி, நீங்கள் நிறை பாத்து எவ்வளவு காலம்? மெலிஞ்சிட்டியள் போலை. ஒரு அம்பத்தைஞ்சு இருப்பியளோ?"

"இருக்கும் பிள்ளை. வேலை அலைச்சல்தானே," என்றேன். அன்று தேத்தண்ணியோடு இரண்டு வாய்ப்பன் கூடச் சாப்பிட்டேன்.

அப்படியே இரண்டு கிழமை போயிற்று. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காற்றுத் திறப்பேன். ஒவ்வொரு நாளும் நாரி கூட நொந்தது. பணிமனையில் டொக்டர் "எப்பிடி மிஸ்ஸி?" என்று கேட்டால், முதுகை நேரே வைத்துக்கொண்டு "நல்ல சுகம்" என்பேன். பிறகு மலசலகூடத்துக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அழுகை வரும். ஊரெல்லாம் எனக்குப் பதிலாக வேறொருத்தி போய்ப் படலை தட்டுவதாக நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் லவீனா, "இனித் திறக்காதேங்கோ அன்ரி, எனக்கு இது விளங்கேல்லை. வந்து பாக்கிறன்" என்றாள். கேட்டேனா? இல்லை. நாற்பத்தைந்து கிலோவுக்கு வந்துவிட்டேனாக்கும் என்று நினைத்து, மிச்சக் காற்றையும் முழுக்கத் திறந்துவிட்டேன்.

நிறை பார்க்கும் நாள் வந்தது. சனசமூக நிலையத்தில் இருபது தாய்மார் பிள்ளைகளோடு காத்திருக்கிறார்கள். நான் முன்னால் சைக்கிளில், டொக்டர் பின்னால் ஸ்கூட்டியில். நிலையத்துக்கு எதிரே பூரணம் அக்காவின் வெங்காயத் தோட்டம், அதன் வாசலில் ஊரிலேயே பெரிய கிடங்கு. மற்ற நாளென்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போவேன். அன்று டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறா. விட்டேன் நேரே.

டக் என்றொரு சத்தம். கம்பியின் ஆணி ஒன்று கழன்று பறந்தது. மற்றக் கம்பி வளைந்தது. கூடை குப்புற விழுந்தது. அதோடு, காற்றே இல்லாத அந்த முன்னங்கால்கள் இரண்டும் ஒரேயடியாக உள்ளே போய்விட்டன. சைக்கிள் தலை குனிந்தது. நான் அதன் தலைக்கு மேலால் போய், அப்போதுதான் தண்ணீர் கட்டியிருந்த வெங்காயப் பாத்தியில் குந்தி இருந்தேன். விழுந்தேன் என்று சொல்லமாட்டேன். இருந்தேன். வெள்ளைச் சீருடையோடு.

தாய்மார் எல்லோரும் ஓடிவந்தார்கள். பூரணம் அக்கா என்னைப் பார்க்கவில்லை, பாத்தியைப் பார்த்தா. டொக்டர் என் கையையும் காலையும் அசைத்துப் பார்த்து, நாரியில் ஒரு விரலை வைத்து அமத்தினா. நான் கத்திவிட்டேன்.

"முறிவு ஒண்டும் இல்லை. ஆனால் இந்த நாரி நோவு இண்டைக்கு வந்த நோவு இல்லை மிஸ்ஸி. காணும். நாளைக்கே கதிரை."

நான் அழுதேன். சேற்றில் இருந்துகொண்டு, நான் நிறுத்த பிள்ளைகள் எல்லாம் பார்க்க அழுதேன். அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. முதல்நாள்தான் திரும்பி வந்திருந்த லவீனாவுக்கு ஃபோன் எடுத்து, "உன்ரை சனியன் பிடிச்ச சைக்கிளை வந்து எடுத்துக்கொண்டு போ!" என்று கத்தினேன். பத்து நிமிடத்தில் வந்து நின்றாள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மண் காலோடு இவரும் வந்துவிட்டார்.

லவீனா சைக்கிளைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். வளைந்த கம்பியைக் கையில் எடுத்தாள். பிறகு றோட்டிலேயே இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கிள், உதை ஆர் பூட்டினது? மேல்துண்டு கீழ்த்துண்டுக்கை போகவேணும். நீங்கள் கூடையை மேலை ஹான்டிலோடை கட்டி, கீழை அச்சோடை கம்பி போட்டுப் பூட்டியிருக்கிறியள். ரெண்டையும் இரும்பாலை கட்டிப்போட்டு, ஏன் அசையேல்லை எண்டு என்னைக் கேட்டால்? ஆனை ஏறினாலும் அசையாது!"

இவர் கம்பியைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார். காது சிவந்தது. "கூடையெண்டால் அச்சிலைதானே பூட்டுறது..."

"உங்களை ஆர் கூடை கேட்டது?" என்று நான் பாய்ந்தேன்.

"நீர்தான்," என்றார். அதுவும் உண்மைதான்.

லவீனா எழும்பி டொக்டரிடம் போனாள். "டொக்டர், இந்தச் சைக்கிளின்ரை சஸ்பென்ஷன் ஒரு நாளும் வேலை செய்யேல்லை. சரியாச் செய்து தாறன், ரெண்டு கிழமை பொறுத்துப் பாருங்கோ."

டொக்டர் என்னையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தா. "ரெண்டு கிழமை. அதுக்கு மேலை ஒரு நாளும் இல்லை."

"அப்ப அன்ரி, இப்ப சரியான நிறையைச் சொல்லுங்கோ. பிழையாச் சொன்னால் காத்தும் பிழைச்சிடும், நாரியும் பிழைச்சிடும்."

ஒரு பிள்ளைகூட அழவில்லை. இருபது தாய்மாரும் என் வாயைப் பார்த்தார்கள். "அறு..." என்று வாய் தொடங்கியது. நிலையத்து வாசலில் கர்ப்பிணிகளை நிறுக்கிற தராசு இருந்தது. அதற்குப் பக்கத்தில் றொசாந்தி, இப்போது ஆறு மாதம், தன் அட்டையோடு நின்றாள். என் பகுதியை நினைத்தேன். அந்தக் கதிரையை நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினேன்.

றொசாந்தி குனிந்து முள்ளைப் பார்த்தாள். "எழுபத்தெட்டு, மிஸ்ஸி." கொஞ்சம் பொறுத்து, "தராசு சொல்லும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தா.

கலியாணம் முடித்த இருபத்தேழு வருடமாக வீட்டில் என் நிறையை ஒளித்தே வைத்திருந்தேன். வெட்கத்தோடு இவரைப் பார்த்தேன். இவர் தலையாட்டினார்.

"ஓம், அவ்வளவுதான் வரும்."

"என்ன அவ்வளவுதான் வரும்?"

"நீர் ஹான்டிலிலை ஊண்டித்தானே ஏறுறனீர். எண்பதுக்குத் தாங்கவேணுமெண்டுதான் அந்தக் கம்பி வாங்கினனான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீர் ஏறினால் மோட்டச்சைக்கிள் பின்னுக்கு எவ்வளவு பதியுதெண்டு எனக்குத் தெரியாதே? கலியாணத்தண்டு ஒரு விரல். மூத்தவள் பிறந்தாப்பிறகு ரெண்டு. இப்ப மூண்டரை." சொல்லிவிட்டுக் கம்பியில் ஒட்டியிருந்த சேற்றைப் பெருவிரலால் வழித்தார். "நான் தனிய ஓடேக்கை பின்சில்லுச் சுருளைத் தளர்த்தி விடுறனான். நீர் ஏறமுன்னம் உமக்கெண்டு இறுக்கவேணும். இல்லாட்டிக் கிடங்கிலை உமக்கெல்லே அடிக்கும்."

இருபத்தேழு வருடத்து வெள்ளிக்கிழமைகளில் நான் போட்ட சத்தம் முழுக்க ஒன்றாகக் காதுக்குள் கேட்டது.

லவீனா கம்பிகளைக் கழற்றி எறிந்தாள். தராசையும் பையையும் பின் கரியருக்கு மாற்றினாள். சின்னப் பம்பைப் பூட்டி எழுபத்தெட்டுக்கு அடித்தாள். சேற்றுச் சீருடையோடு ஏறி இருந்து, மெதுவாக இறங்கினேன். வளையம் ஒன்றரை விரல் ஏறி நின்றது. பூரணம் அக்காவின் கிடங்கில் மறுபடியும் விட்டேன். சைக்கிள் பதிந்து எழும்பியது, நான் சீற்றைவிட்டு எழும்பவில்லை.

இரண்டு கிழமை கழித்து டொக்டர் நாரியில் விரல் வைத்து அமத்தினா. லேசாகத்தான் நொந்தது. கத்தவில்லை. "பகுதியைப் பாருங்கோ மிஸ்ஸி. கதிரை அங்கையே கிடக்கட்டும்," என்றா. அன்றைக்கே ஒன்பது வீட்டுக்குப் போய் ஆறு பேரை ஏசினேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சேலை உடுத்துப் பூவும் வைத்து வாசலுக்கு வந்தேன். கோயில் மணி கேட்கத் தொடங்கிவிட்டது. இவர் மோட்டார்சைக்கிளின் பின்சில்லடியில் குந்தியிருந்து திருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், கத்தப்போகிறேன் என்று நினைத்து அவசரப்பட்டார்.

"ஆறுதலாத் திருகுங்கோ," என்றேன். "நான் நிக்கிறன்."